டிரைவர் இருக்கையும் பேருந்தின் பெயரும்



சூளகிரி, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டைப் பக்கம் அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர்கள் குறைவு. தமிழ் பேசுகிறவர்களுக்கு டிரைவர் அண்ணன். தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்களுக்கு டிரைவர் அண்ணா. நானும் அப்படியே அழைக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அவருடைய அன்பைப் பற்றிச் சொன்னார்கள். அத்தனையும் உண்மை. ஆனால் அன்பை மட்டும் பேசிவிட்டுக் கலைந்தால், அவர் உட்கார்ந்திருந்த இருக்கை நமக்கு எப்படி வந்தது என்பதை மறந்துவிடுவோம். நான் அந்த இருக்கையைப் பற்றிப் பேசுகிறேன்.

1929 அக்டோபர் 23. பாபாசாகேப் அம்பேத்கர் சாலிஸ்கான் ரயில் நிலையத்தில் இறங்குகிறார். சேரி மக்கள் அழைத்துப்போகக் காத்திருக்கிறார்கள். குதிரை வண்டிக்காரர்கள் ஒருவரும் வர மறுக்கிறார்கள். தீண்டத்தகாதவருக்கு வண்டி ஓட்டினால் கௌரவம் போய்விடுமாம். கடைசியில் வண்டியை மட்டும் வாடகைக்கு வாங்கி, ஓட்டிப் பழக்கமில்லாத நம்மவர் ஒருவர் ஓட்டினார். பாலத்தில் வண்டி மோதியது. பாபாசாகேப் தூக்கி எறியப்பட்டுக் கால் எலும்பு முறிந்தது. அவரே எழுதி வைத்திருக்கிறார். ஒரு பாரிஸ்டரை விடவும் வண்டிக்காரனை உயர்ந்தவன் ஆக்கியது சாதி. மாணவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: ஓட்டக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பே நமக்கு இருக்கவில்லை.

நம் மாகாணத்திலும் பேருந்து எல்லோருக்கும் பொதுவாக இருக்கவில்லை. இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், ஒடுக்கப்பட்ட மக்களை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவு போட வேண்டியிருந்தது. ஏறுவதற்கே ஒரு உத்தரவு! ஸ்டியரிங்கைப் பிடிப்பதற்கு இன்னும் பல ஆண்டுகள் ஆயின. 1970-களில் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் வந்தன. அரசு வேலை என்றால் இனச்சுழற்சி உண்டு. அந்த வழியாகத்தான் நம் ஆட்கள் காக்கிச் சட்டை போட்டார்கள்.

இருக்கை கிடைத்தது. பெயர்?

1997 மே மாதம் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு வைத்தது. கட்டபொம்மனின் தளபதி, தேவேந்திரகுல வேளாளர். அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் கிளம்பினார்கள். கலவரத்தில் உயிர்கள் போயின. அதே ஆண்டு ஜூன் 30 அன்று, மதுரையிலிருந்து பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்த மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் வந்தவர்களும் வழிமறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஜூலையில் எல்லாக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு எடுத்துவிட்டது.

நம் பகுதிப் பேருந்துகளில் அதுவரை 'அன்னை சத்யா' என்று இருந்தது. அதுவும் போனது. ஓசூரில் நின்ற பேருந்தின் பெயர் ஏன் அழிந்தது என்று கேட்டால், விருதுநகரில் ஒரு தலித் வீரனின் பெயரைப் பொறுக்க முடியவில்லை என்பதுதான் பதில். ஒரு பெயரை ஏற்பதைவிட எல்லாப் பெயரையும் இழப்பது இந்தச் சமூகத்துக்கு எளிதாக இருந்தது.

அப்படிப் பெயர் அழிந்த பேருந்தைத்தான் டிரைவர் அண்ணன் ஓட்டினார். நைட் ஹால்ட் ஊரில் யார் வீட்டில் தண்ணீர் கொடுப்பார்கள், யார் வீட்டில் சாதி கேட்பார்கள் என்று சோதித்துப் பார்க்க அவர் விரும்பவில்லை. அதனால் அக்கா இரண்டு வேளைச் சாப்பாட்டையும் கட்டிக் கொடுத்தார். ராகிக்களியும் குழம்பும் அந்தத் தூக்குப் பாத்திரத்தில் போயின. ஊர் நிறுத்தத்தைத் தாண்டி, காலனி முனையில் கைகாட்டிய பெண்களுக்காக அவர் பிரேக் போட்டார். அது பெரிய புரட்சி இல்லை. ஆனால் மழையில் அரை மைல் நடை மிச்சம். அந்தச் சம்பளத்தில் பிள்ளைகள் படித்தார்கள். அவர் ஓட்டியது ஒரு பேருந்து. கரை சேர்ந்தது ஒரு தலைமுறை. அதில் பாதி உழைப்பு விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டிய அக்காவுடையது. அக்காவின் பெயரையும் இந்த நினைவுச் சொற்பொழிவோடு சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது இருக்கைக்கே ஆபத்து. 2003 ஏப்ரலுக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்களைப் பங்களிப்பு ஓய்வூதியத்தில் தள்ளினார்கள். 2023 மே மாதம் சென்னையில், ஒப்பந்த நிறுவனம் மூலம் டிரைவர் எடுப்பதை எதிர்த்துத் தொழிலாளர்கள் திடீரென்று வண்டிகளை நிறுத்தினார்கள். ஒப்பந்தக்காரர் ஆள் எடுக்கும்போது இனச்சுழற்சி கிடையாது. தெரிந்தவர், சொந்தக்காரர், சாதிக்காரர்தான். லாரியும் பைக்கும் கடிகாரமும் செய்கிற ஓசூர் சிப்காட்டைப் பாருங்கள். ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் தனியார் வண்டிகள் எத்தனை காலனி முனையில் நிற்கின்றன?

2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நம் பெண்கள் அதில் ஏறித்தான் வேலைக்கும் கல்லூரிக்கும் போகிறார்கள். பேருந்து அரசிடம் இருக்கும்வரைதான் அந்த உரிமை. டிரைவர் நிரந்தரப் பணியாளராக இருக்கும்வரைதான் அந்த இருக்கையில் நம் பங்கு.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். இந்தப் பகுதியில் ஓய்வுபெற்ற நம் ஓட்டுநர்கள், நடத்துநர்கள், அவர்களுடைய துணைவியர் எல்லோரையும் பார்த்துப் பேசி எழுதி வாருங்கள். எந்த ஆண்டு சேர்ந்தார்கள், எந்தத் தடத்தில் ஓடினார்கள், எந்த ஊரில் தண்ணீர் கிடைக்கவில்லை என்று கேளுங்கள். அடுத்த ஆண்டு இதே மேடையில் அது புத்தகமாக வெளிவரட்டும். பேருந்தில் எழுத விடாத பெயர்களை நாம் காகிதத்தில் எழுதுவோம்.