இரு விமானங்களுக்கு இடையே
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கியமும் இசையும் மணக்கும் இம்மேடையில் பெட்டி படுக்கையைப் பற்றிப் பேசுமாறு எங்களைப் பணித்த செயற்குழுவினரின் துணிவை முதற்கண் பாராட்டுகின்றோம். "எங்களை" என்று பன்மையிற் கூறுவது எம் இல்லத்தரசியாரையும் சேர்த்தே. பின்னர் வரும் கதையில் அவருக்கும் சரிபாதிப் பங்கு உண்டு. விமானம் மாறிச் செல்வோர் தம் சாமான்களையும் இடைப்பட்ட பொழுதையும் எங்ஙனம் காத்துக்கொள்வது என்பதே எங்களுக்குத் தரப்பட்ட பொருள். கேட்டவுடன் நகைப்பு வந்தது. பின்னர் எண்ணிப் பார்த்தோம். ஊரிலிருந்து கடல் கடந்து செல்லும் உறவினர் ஒருவரை நள்ளிரவில் விமான நிலைய வாயிலில் எதிர்கொண்டு, இட்டிலிப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து வழியனுப்பாதவர் இவ்வரங்கில் எத்தனை பேர் இருப்பர்? தில்லித் தமிழர்க்கு இது வீட்டுச் செய்தியே ஆகும்.

வண்டி மாறுவதும் நமக்குப் புதிதன்று. தஞ்சையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் உத்தியோகம் நாடித் தலைநகர் வந்த நம் முன்னோர் அனைவரும் எழும்பூரில் இறங்கியவர்களே. தென் மாவட்டங்களின் மீட்டர் பாதை எழும்பூரோடு முடிந்தது. வடக்கே செல்லும் அகலப் பாதை சென்ட்ரலில் தொடங்கியது. இடையே உள்ள தொலைவு ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர்தான். அதனைக் கடப்பது பயணியின் பாடு. டிரங்குப் பெட்டி, ஹோல்டால், கூஜா, ஊறுகாய் ஜாடி, இவற்றோடு குழந்தைகளையும் எண்ணி ஜட்காவில் ஏற்றி, சென்ட்ரலில் இறக்கி, மீண்டும் ஒருமுறை எண்ணிய பின்னரே நம் பாட்டிமார் மூச்சு விட்டனர். கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸுக்கு அரை நாள் முன்னதாகவே வந்து நடைமேடையில் அமர்ந்திருந்த அவர்களை நாம் இளமையில் கேலி செய்ததுண்டு. இன்று அக்கேலியைத் திரும்பப் பெற்றுக்கொள்கின்றோம்.

வானத்திலும் இத்தகைய மாறுதல் ஒன்று இருந்தது. 1949 ஜனவரி 30 அன்று இரவு விமான அஞ்சல் தொடங்கிற்று. தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் இரவில் புறப்பட்ட விமானங்கள் நள்ளிரவில் நாகபுரியில் கூடின. அங்கே அஞ்சற் பைகள் ஒரு விமானத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறின, பயணிகளும் மாறினர். விடியுமுன் அவரவர் ஊருக்குத் திரும்பின. சென்னையில் மாலையில் இட்ட கடிதம் மறுநாள் தில்லியில் கிடைத்தது. இத்திட்டத்தில் நாங்கள் வியப்பது அதன் விரைவை அன்று. நாகபுரியின் சந்திப்புத்தான் அத்திட்டத்தின் உயிர். ஒரு விமானம் மற்றொன்றை எதிர்பார்த்தே அனைத்தும் வகுக்கப்பட்டிருந்தன. இணைப்புக்கு ஓர் உடையவர் இருந்தார்.

இன்றைய பயணி முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுவே. எம் பயணத்தின் இணைப்புக்கு உடையவர் யார்?

இக்கேள்வியை நாங்கள் கேட்கத் தவறிய கதையைச் சொல்லிவிடுகின்றோம். மூன்றாண்டுகளுக்கு முன், ஒரு ஜனவரித் திங்கள். மயிலாடுதுறையில் வாழும் எங்கள் தமக்கையார், அப்போது எழுபத்தொரு வயதினர், நியூ ஜெர்ஸியில் மகன் இல்லத்தில் ஆறு திங்கள் தங்கிவிட்டு ஊர் திரும்பினார். நியூவார்க்கிலிருந்து தில்லிக்கு ஒரு சீட்டு. தில்லியிலிருந்து சென்னைக்கு வேறொரு நிறுவனத்தில் வேறொரு சீட்டு. இவ்வாறு பிரித்து வாங்கினால் ஆறாயிரம் ரூபாய் மிச்சம் எனக் கண்டுபிடித்தவர்கள் நாங்களே. மருமகனிடம் அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொண்டோம். இடையில் மூன்றரை மணி நேரம் இருந்தது. போதும் என்று எண்ணினோம்.

அன்று தில்லியை மூடுபனி மூடியிருந்தது. விமானம் ஜெய்ப்பூருக்குத் திருப்பிவிடப்பட்டு, அங்கே காத்துக் கிடந்து, நான்கு மணி நேரம் தாழ்த்தித் தில்லியில் இறங்கிற்று. சென்னை விமானம் தவறிவிடுமே என்ற பதைப்பில் தமக்கையார் விரைந்தார். பெட்டி நேரே சென்னைக்குச் செல்லும் என்பது அவர் எண்ணம். சாமான்கள் சுழன்று வரும் பட்டையின் பக்கம் திரும்பிப் பாராமல், தோளில் தொங்கிய பையோடு சுங்கத்தின் பச்சை வழியாக வெளியே வந்துவிட்டார். வெளியே வந்தவர் மீண்டும் உள்ளே செல்ல இயலாது. சென்னை விமானமோ போய்விட்டது. அவருடைய கைப்பேசியில் இந்தியத் தொடர்பு இல்லை. டாக்சி ஓட்டுநர் ஒருவரின் பேசியை இரந்து வாங்கி எங்களை அழைத்தார்.

இராமகிருஷ்ணபுரத்திலிருந்து அரை மணியில் செல்லும் வழி, பனியில் ஒரு மணியாயிற்று. தூண் ஒன்றின் அருகே அமர்ந்திருந்தார். "தம்பி, பெட்டி நேரே சென்னைக்குப் போயிருக்கும் அல்லவா?" என்பதே அவர் கேட்ட முதற் சொல். சொல் குழறிற்று. அவர் நீரிழிவு உடையவர். இன்சுலின் எங்கே என்று கேட்டோம். குளிர்ச்சியான இடத்தில் இருக்கட்டும் என்று பெரிய பெட்டியில் வைத்தாராம். மருத்துவரின் மருந்துச் சீட்டும் அதே பெட்டியில். வீட்டருகே இருந்த மருத்துவரிடம் கொண்டு சேர்த்தபோது சர்க்கரை அளவு 400ஐ நெருங்கியிருந்தது. இன்னும் சில மணி நேரம் அத்தூணருகே அமர்ந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை மருத்துவர் சொல்லவில்லை. எங்கள் இல்லத்தரசியாரும் எங்களைக் கேட்கவில்லை. அந்த மௌனமே போதுமானதாக இருந்தது. பெட்டி இரண்டு நாள் அலைச்சலுக்குப் பின் கிடைத்தது. புதிய சீட்டுக்குப் பதினாலாயிரம் ரூபாய்.

இனி, இதிலிருந்து நாங்கள் அறிந்துகொண்டவற்றைச் சொல்வோம்.

ஒரே சீட்டில், ஒரே பதிவெண்ணில் இரு விமானங்களும் இருந்தால், முதல் விமானம் தாழ்த்து அடுத்தது தவறும்போது, உங்களை வேறொரு விமானத்தில் ஏற்றி ஊர் சேர்க்கும் கடமை சீட்டு விற்றவரைச் சாரும். இரு சீட்டுகளாயின், இரண்டாம் நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் வராத பயணி, அவ்வளவே. வெளிநாட்டில் மாறுவோர்க்கு இன்னொரு தொல்லையும் உண்டு. பெட்டி இறுதி ஊர் வரை ஒட்டப்படாவிடில் இடையிலுள்ள நாட்டுக்குள் நுழைந்துதான் அதனை எடுக்க இயலும். அந்நாட்டின் விசா இல்லாதவர் என் செய்வார்?

ஒரே சீட்டாயினும் தில்லியில் ஒரு விதியை மறத்தல் ஆகாது. வெளிநாட்டிலிருந்து வருவோர் இந்திய மண்ணில் முதலில் எங்கே இறங்குகின்றனரோ, பெரும்பாலும் அங்கேயே பெட்டியை எடுத்துச் சுங்கம் கடந்து, உள்நாட்டு விமானத்துக்கு மீண்டும் ஒப்படைத்தல் வேண்டும். ஒட்டுச்சீட்டில் சென்னையின் குறியீடான எம்.ஏ.ஏ. என்னும் எழுத்துகள் இருந்தாலும் இதுவே முறை. சில விமானங்களுக்கு விலக்கு உண்டு, ஆதலின் புறப்படும் ஊரிலேயே, "பெட்டியை நாங்கள் எங்கே எடுக்க வேண்டும்?" என்று வாய் திறந்து கேட்டுவிடுக. அமெரிக்காவிலும் முதலில் இறங்கும் நகரில் எடுத்து ஒப்படைப்பதே பொது வழக்கம். ஒட்டுச்சீட்டின் எழுத்துகளையும் படித்துப் பாருங்கள். திருச்சிக்கு டி.ஆர்.இஸட்., மதுரைக்கு ஐ.எக்ஸ்.எம்., தில்லிக்கு டி.ஈ.எல். ஆங்கிலம் அறியாத பெரியோரை அனுப்புவோர் இதை ஒரு தாளில் தமிழில் எழுதிச் சட்டைப் பையில் வைத்து அனுப்பலாம். நாணம் வேண்டா.

இடைப்பொழுது எத்தனை மணி நேரம் இருத்தல் நலம்? குடிநுழைவுச் சோதனை, பெட்டி வரும் நேரம், சுங்கம், மறுபடி பாதுகாப்புச் சோதனை என எல்லாவற்றையும் கூட்டுக. உள்நாட்டு விமானத்துக்குப் பொதுவாக 60 நிமிடத்துக்கு முன்பே பெட்டி வாங்குவதை நிறுத்திவிடுவர் என்பதை அதிலிருந்து கழிக்க. ஆக, நான்கு மணிக்குக் குறைந்த இடைப்பொழுதை நாங்கள் இப்போது ஒப்புவதில்லை. டிசம்பர், ஜனவரியிலோ, விடியற்காலையில் தில்லியில் மாறும் பயணத்தையே தவிர்க்கின்றோம். ஓடுபாதையில் 50 மீட்டர் தொலைவு தெரிந்தாலும் இறங்க உதவும் கருவிகள் இங்கே உண்டு. ஆனால் விமானமும் விமானியும் அதற்குத் தகுதி பெற்றிருக்க வேண்டுமே. நண்பகல் விமானம் நல்லது. சூரியன் எந்தக் கட்டணமும் வாங்காமல் பனியை விலக்குகிறான்.

முனையத்தையும் பார்க்க. 2010இல் திறக்கப்பட்ட மூன்றாம் முனையத்திலிருந்து முதல் முனையம் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பேருந்திலோ டாக்சியிலோ செல்ல வேண்டும். எழும்பூரும் சென்ட்ரலும் மீண்டும் வந்தன என்று கொள்க. 2024 ஜூன் 28 அன்று பெருமழையில் முதல் முனையத்தின் கூரை முகப்பு இடிந்து விழுந்தபோது, விமானங்கள் மற்ற முனையங்களுக்கு மாற்றப்பட்டதை நாம் அறிவோம். ஆகவே சீட்டு வாங்கிய நாளில் கண்ட முனையத்தை நம்பாமல், புறப்படும் முன்னாள் மறுபடியும் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

சாமான்களைப் பற்றித் தாய்மார்களிடம் சொல்ல அஞ்சுகின்றோம். எனினும் சொல்ல வேண்டும். கொப்பரைத் தேங்காயை எடுத்துச் செல்லாதீர்கள். எண்ணெய்ப் பசையால் தானே சூடேறித் தீப்பற்றக்கூடிய பொருள் என்று அதனை உலக விமான விதிகள் வகைப்படுத்தியுள்ளன. கற்பூரமும் தீப்பற்றும் பொருளே. மிளகாய்ப் பொடியும் ஊறுகாயும் கைப்பையில் வேண்டா; பெரிய பெட்டியில் செல்லட்டும். நெய்யைக் கைப்பையில் வைத்தால், பன்னாட்டுப் பயணத்தில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட கலம் எதுவும் சோதனையைத் தாண்டாது. தில்லி வரை தடையின்றி வந்த நெய், இங்கே விமானம் மாறும்போது குப்பைத் தொட்டிக்குப் போவதைக் கண்ணீர் மல்கப் பார்த்த பாட்டிமார் உண்டு. பவர் பேங்க் மட்டும் இதற்கு நேர்மாறு. அது கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெரிய பெட்டியில் கூடாது.

மருந்து, மருந்துச் சீட்டு, கடவுச் சீட்டு, நகை, வீட்டுச் சாவி, ஒரு நாளைக்கு மாற்றுடை, இவை கையோடு இருக்கட்டும். இன்சுலினைப் பெட்டியில் வைத்தால் விமானத்தின் அடித்தளக் குளிரில் உறைந்து கெடவும் கூடும். எங்கள் தமக்கையார் குளிர்ச்சி நாடி வைத்தது இருமடங்கு பிழை என்பதைப் பிற்பாடு அறிந்தோம்.

பெட்டி வரவில்லையாயின், அக்கூடத்தை விட்டு வெளியேறுமுன் நிறுவனத்தாரிடம் எழுத்து மூலம் முறையிட்டு, எண்ணிட்ட அறிக்கையைப் பெறுக. 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை 2009 முதல் நம் நாட்டிலும் நடைமுறையில் உள்ளது. பன்னாட்டுப் பயணத்தில் பெட்டி சிதைந்திருப்பின் 7 நாளுக்குள்ளும், தாழ்த்து வந்திருப்பின் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் தருதல் வேண்டும். வரவேண்டிய நாளிலிருந்து 21 நாள் கடந்தும் வாராத பெட்டி தொலைந்ததாகவே கொள்ளப்படும். ஈட்டுத் தொகைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 2024 டிசம்பர் 28 முதல் அது பயணி ஒருவருக்கு 1519 எஸ்.டி.ஆர்.; அதாவது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு நாணயத்தில் 1519 அலகு. பாட்டி தந்த காசுமாலையை அதற்குள் அடக்க இயலுமா என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

எட்டு, பத்து மணி நேரம் கிடைத்தவர் யாது செய்யலாம்? பெட்டிகளைப் பாதுகாப்பு அறையில் கட்டணம் செலுத்தி வைத்துவிட்டு வெளியே வரலாம். மூன்றாம் முனையத்திலிருந்து புது தில்லி நிலையத்துக்கு விமான நிலைய மெட்ரோ ஏறக்குறைய 20 நிமிடத்தில் சேர்க்கும். இராமகிருஷ்ணபுரத்தில், 1973இல் குடமுழுக்குக் கண்ட மலை மந்திரில் சுவாமிநாதனைத் தொழுது, நம் வீடுகளில் ஒன்றில் ஒருவாய் உண்டு திரும்பலாம். ஆனால் வெளிநாடு செல்வோர், குடிநுழைவுச் சோதனை முடிந்துவிட்டால் வெளியே வர இயலாது. ஆறு மணிக்குக் குறைந்த பொழுதுடையோர் உள்ளேயே இளைப்பாறுதல் நலம். இதைச் சொன்னால் வருத்தப்படுவோர் பயணிகள் அல்லர். தோசை மாவு அரைத்து வைத்துக் காத்திருக்கும் நாமே. ஓருறவினரை வற்புறுத்தி வீட்டுக்கு அழைத்து வந்து, ரிங் ரோட்டு நெரிசலில் விமானத்தைத் தவறவிட்ட பழியும் எங்களுக்கு உண்டு. அக்கதைக்கு இன்று நேரம் இல்லை.

எங்கள் தமக்கையார் வரும் மார்ச்சு மாதம் மறுபடியும் நியூ ஜெர்ஸி செல்கிறார். பேத்திக்கு ஆண்டு நிறைவு. சென்ற வாரம் மருமகன் சீட்டு வாங்கும் செய்தியைச் சொல்லத் தொலைபேசியில் அழைத்தார். நாங்கள் வாய் திறக்குமுன், பக்கத்திலிருந்து தமக்கையாரின் குரல் கேட்டது: "ஒரே சீட்டுத்தானே என்று உன் மாமாவை முதலில் கேள்."