பழைய பில் ஒன்றைக் கையோடு கொண்டு வாங்க

(கூட்டமைப்புக் கூட்டத்தில், பெயிண்டிங் ஒப்பந்த வேலை செய்யும் குழுவின் ஊக்குநர் பேசியது)



கணக்கு எழுதுகிற, பில் போடுகிற சாஃப்ட்வேர் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. பட்டி பார்த்து பெயிண்ட் அடிக்கிறவள். எங்க குழுவில் ஏழு பேர் சேர்ந்து பள்ளிக்கூடம், மண்டபம், வீடு என்று கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறோம். யோசிக்காமல் சாஃப்ட்வேர் எடுத்து நஷ்டப்பட்ட அனுபவம் இருக்கிறது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

முதலில் நோட்டில்தான் எழுதினோம். 2021-ல் தெரிந்தவர் ஒருத்தர், "மளிகைக் கடைக்காரங்களே போன்ல பில் போடுறாங்க, நீங்க இன்னும் நோட்டைத் தூக்கிக்கிட்டு அலையுறீங்களே" என்றார். சரி என்று ஒரு செயலியைப் போனில் ஏற்றினோம். பில் அழகாக வந்தது. குழுவின் பெயர் கலரில் வந்தது. எல்லாருக்கும் சந்தோஷம்.

அந்த நவம்பரில் ஒரு தனியார் பள்ளிக்கு வேலை முடித்து 1,84,000 ரூபாய்க்குப் பில் கொடுத்தோம். கைக்கு வந்தது 1,71,120. வருமான வரிப் பிடித்தம் 2 சதவீதம், 3,680 ரூபாய். பெயிண்ட் உரிந்தால் சரிசெய்து தர வேண்டும் என்று 5 சதவீதம், 9,200 ரூபாயை ஒரு வருஷத்துக்கு நிறுத்தி வைத்தார்கள். இரண்டும் ஒப்பந்தத் தாளில் உள்ளதுதான், அவர்கள் மேல் தப்பு இல்லை.

ஆனால் செயலியில் இதை எழுத இடமே இல்லை. அது கடைக்குச் செய்தது. கடையில் சாமான் கொடுத்தால் ஒன்று காசு, இல்லாவிட்டால் கடன். பில் போட்ட எங்க தங்கச்சி என்ன செய்வாள், பாவம்! 12,880 ரூபாயைத் "தள்ளுபடி" என்று போட்டு கணக்கை நேர் பண்ணிவிட்டாள். பாக்கி பூஜ்யம் என்று காட்டியது. பூஜ்யத்தை யாரம்மா போய்க் கேட்பாங்க?

2023 ஜூனில் வேறு எதற்கோ பழைய நோட்டைப் புரட்டினபோதுதான் தெரிந்தது. பள்ளியில் கேட்டோம், 9,200 வந்துவிட்டது. 3,680 வரவில்லை. பிடித்த வரி நம் பான் எண்ணில் வரவாகி நிற்கும். வரி கட்டுகிற அளவு வருமானம் இல்லை என்றால் கணக்கு தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். அந்த வருஷத்துக்கான கெடு 2022 டிசம்பர் 31-ஓடு முடிந்துவிட்டது. ஆறு நாள் சாரத்தில் நின்ற கூலி அது.

அதனால் சொல்கிறேன், விலையையும் கலரையும் அப்புறம் பாருங்க. கான்ட்ராக்ட் வேலைக்கு ஒவ்வொரு வேலைக்கும் தனிக் கணக்கு வேண்டும். அட்வான்ஸ் எவ்வளவு, பட்டி, பிரைமர், பெயிண்ட் எவ்வளவு, கூலி எவ்வளவு, பாதி வேலைக்குப் போட்ட பில் எவ்வளவு, நிறுத்தி வைத்தது எவ்வளவு, எந்த மாதம் கேட்கணும். மொத்தமாக எழுதினால் பள்ளிக்கூடத்து லாபத்தில் வீட்டு வேலை நஷ்டம் மறைந்துவிடும். எங்களுக்கு அப்படித்தான் மறைந்தது. சதுர அடிக்குப் பேசின ரேட்டில் பட்டி இரண்டு கோட் அடித்ததை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

பிறகு நாங்க செய்தது ஒன்றுதான். அந்த 1,84,000 ரூபாய் பில்லை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சாஃப்ட்வேரிலும் போட்டுப் பார்த்தோம். டேலியில் "எஜுகேஷன் மோட்" என்று காசில்லாமல் பழக ஒரு வழி உண்டு. மாதத்தின் சில தேதிகளில்தான் பதிய விடும், சோதித்துப் பார்க்க அது போதும். அதில் "காஸ்ட் சென்டர்" என்று வேலைவாரியாகப் பிரிக்கலாம், பிடித்தத்துக்குத் தனித் தலைப்பும் வைக்கலாம். ஆனால் பழகியவர் ஒருத்தர் வேண்டும். சோஹோ புக்ஸ் இன்டர்நெட்டில் ஓடுவது, அதிலும் வேலைவாரியாகப் பிரிக்கலாம். எங்க ஊரில் சிக்னல் கிடைக்கிறதே மொட்டை மாடியில்தான், அதனால் அதை விட்டோம். மாதம் ஒரு வேலை செய்கிற குழுவுக்கு எக்ஸெல் தாளே போதும் என்பது என் எண்ணம்.

ஜிஎஸ்டி பற்றியும் ஒரு வார்த்தை. நம்மைப் போன்ற சேவை வேலைக்குப் பொதுவாக வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். பதிவு இல்லாமல் பில்லில் அந்த வரியை வசூலிக்கக் கூடாது. பழைய செயலி தானாகவே அந்தக் கட்டத்தைப் போட்டுத் தரும், நாங்க பேனாவால் அடித்துக் கொடுப்போம்!

இன்னொன்று. செயலியை அந்தத் தங்கச்சியின் போன் நம்பரில் திறந்திருந்தோம். அவள் கல்யாணமாகித் திருப்பூர் போய்விட்டாள். உள்ளே போக வேண்டுமென்றால் ஓடிபி அவளுக்குப் போகும். அவள் பனியன் கம்பெனியில் ஷிப்டில் இருப்பாள், நாங்க இங்கே காத்துக்கிடப்போம். இப்போது குழுவுக்கென்று ஒரு சிம் வைத்திருக்கிறோம், பாஸ்வேர்டு இரண்டு பேருக்குத் தெரியும். மாதக் கடைசியில் எல்லாக் கணக்கையும் எக்ஸெலில் இறக்கி, பிரிண்ட் எடுத்து, தீர்மானப் புத்தகத்தோடு வைத்துவிடுகிறோம். அப்படி இறக்கித் தராத சாஃப்ட்வேரை ஓசியில் கொடுத்தாலும் வாங்காதீங்க.

கட்டட வேலை, சமையல் கான்ட்ராக்ட் எடுக்கிற குழுக்கள் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, பிடித்தம் போக பணம் வந்த பழைய பில் ஒன்றைக் கொண்டு வாங்க. எங்க கம்ப்யூட்டரைக் கொண்டு வருகிறேன், சேர்ந்து உட்கார்ந்து போட்டுப் பார்ப்போம்.