கையில் மூன்று வினாடி
(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



"பத்தாம் தரத்துக்கு வந்தாச்சு, இனியும் என்ன விளையாட்டு?" எங்கள் காலத்தில் லயத்தில் கேட்ட இந்தக் கேள்வி இன்றும் கேட்கிறது. கொழுந்து நிறுத்துவிட்டு வரும் தாய்க்கு மகளின் படிப்பே கவலை. அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் அனுபவத்தையும் சொல்ல வேண்டும்.

எங்களில் சிலர் சாதாரண தர ஆண்டில் வலைப்பந்தை விட்டோம். மிச்சமான மாலைகள் புத்தகத்துக்குப் போகவில்லை; தண்ணீர் எடுக்கவும் அடுப்பைப் பார்க்கவுமே போயின. அண்ணன் தம்பிமார் மட்டும் மைதானத்தில் இருந்தார்கள்.

வலைப்பந்தில் பந்தை மூன்று வினாடிக்கு மேல் கையில் வைத்திருக்க முடியாது. ஏழு பேரில் ஒருத்தியை நம்பிக் கொடுத்தே ஆக வேண்டும். விரைந்து முடிவெடுக்கவும், பிறரை நம்பவும், தோற்றபின் கைகொடுக்கவும் அங்கேதான் கற்றோம். வகுப்பில் வாய் திறக்காத எங்களில் பலர் தமிழ்த் தினப் பேச்சுப் போட்டியில்தான் முதன்முதலாக எங்கள் குரலைக் கேட்டோம். பின்னாளில் நேர்முகப் பரீட்சைக்கு அந்தக் குரலே எங்களுடன் வந்தது.

மலையகப் பெண்ணுக்கு மேடை புதிதல்ல. 1930களில் மீனாட்சியம்மாள் நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் தாமே இயற்றிய பாடல்களைப் பாடினார். எழுத்தறியாதவரிடமும் உரிமையைக் கொண்டு சேர்த்தது பாட்டு.

5 முதல் 17 வயது வரையானோருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை, விளையாட்டையும் கலையையும் பிள்ளையின் உரிமை என்கிறது. ஆகவே இணைப்பாடவிதானச் செயற்பாடுகள் படிப்புக்குப் போக மீதியான நேரத்துக்குரியவை அல்ல.

பெற்றோரிடம் நாம் கேட்பது வாரத்தில் இரண்டு மாலை மட்டுமே. பயிற்சி முடிந்து, மூடுபனியில் தூரத்துத் தோட்டங்களுக்குப் பிள்ளைகள் தனியே நடக்கக் கூடாது. பழைய மாணவியரே, அந்த இரு மாலைகளுக்கான வான் கூலியை நாம் பொறுப்பேற்போம். நூற்றாண்டுக்குக் கல்வெட்டு வைப்பதைவிட, பத்தாம் தரத்துப் பிள்ளை ஒருத்தியை மைதானத்தில் நிறுத்தி வைப்பது மேல்.

பந்து இப்போது நம் கையில். மூன்று வினாடிதான்.