பத்துக் கோழியில் தொடங்குவோம்

(சிம்பாங் அம்பாட் வட்டாரத் தோட்ட மக்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பால்மரத்தை நம்பி வாழ்கின்ற குடும்பத்திற்கு ஆண்டு முழுவதும் ஒரே சீரான வருமானம் கிடைப்பதில்லை என்பதை உங்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால் அன்றைய வெட்டு போயிற்று. ஆண்டின் தொடக்கத்தில் மரங்கள் இலையுதிர்த்துப் புதுத்தளிர் விடுகின்ற வாரங்களில் பாலும் குறைந்துவிடுகிறது. ஆனால் அரிசிக் கடைக்காரரோ, பள்ளிக்கூடச் செலவோ அந்த வாரங்களில் நமக்காகக் காத்திருப்பதில்லை. ஆகவே, வீட்டைச் சுற்றியுள்ள சிறு நிலத்திலிருந்து ஏதேனும் ஒரு துணை வருமானம் பெறவேண்டும் என்னும் எண்ணம் நம்மிடையே தொன்றுதொட்டு இருந்து வருகிறது.

சொந்த மண் வேண்டும் என்னும் ஆசையும் அத்தகையதே. பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்து தவித்த காலத்தில், 1960ஆம் ஆண்டு, துன் வீ. தி. சம்பந்தன் அவர்களின் முயற்சியால் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் செலுத்திய பணத்தைக் கொண்டு, அடுத்த ஆண்டே கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டத்தை அச்சங்கம் வாங்கியது. அந்த வரலாறு நமக்குக் கற்பிப்பவை இரண்டு: சிறிய தொகையில் தொடங்கலாம், ஆனால் பலர் சேர்ந்தால்தான் அது நிலைக்கும். கோழி வளர்ப்புக்கும் இவ்விரண்டுமே பொருந்தும் என்பதை விளக்குவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

நம்மில் சிலர் 55 வயதை எட்டிச் சேமநிதிப் பணத்தைக் கையில் பெற்றதும், கால் ஏக்கரோ அரை ஏக்கரோ நிலம் பார்த்து, முதற்காரியமாக இருநூறு முந்நூறு கோழிக்குஞ்சுகளை வாங்கி இறக்கிவிட எண்ணுகிறார்கள். வாழ்நாள் முழுவதும் உழைத்துச் சேர்த்த பணம் அது. ஒருமுறை கரைந்தால் மறுமுறை வராது. அகலக் கால் வைத்து அதனை இழந்துவிடக் கூடாது. முதல் ஆண்டில் பத்துப் பெட்டையும் ஒரு சேவலும் போதும் என்பதே என் வேண்டுகோள். அந்த ஓராண்டு நமக்குப் பள்ளிக்கூடம். பத்துக் கோழியைச் சாகாமல் காக்கத் தெரிந்தவருக்கே நூறு கோழியைக் காக்கத் தெரியும்.

முதன்முதலாகக் கோழி வளர்ப்போரின் பட்டி ஏன் அழிகிறது? கள்வனாலும் மரநாயாலும் அழிவது சிறுபகுதியே. ஒரே வாரத்தில் கூண்டைக் காலியாக்குவது நோய்தான். அவற்றுள் கொடியது வெள்ளைக்கழிச்சல் நோய். மலாய் நண்பர்கள் இதனைச் சம்பார் என்பர். தமிழ்நாட்டில் இராணிக்கெட் நோய் என்றும் வழங்குவர். கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒடுங்கி நிற்கும்; வாயைத் திறந்து மூச்சு வாங்கும்; பச்சையாகவோ வெண்மையாகவோ கழியும்; சிலவற்றுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும். நோய் கண்டபின் காப்பாற்ற மருந்து கிடையாது.

இந்நோய் நமக்குப் புதியதன்று. இங்கிருந்து தெற்கே நிபோங் திபாலைக் கடந்து, கிரியான் ஆற்றுக்கு அப்பால் சென்றால் பாரிட் புந்தார் வந்துவிடுகிறது. இந்நாட்டில் இந்நோய் முதன்முதலாகப் பதிவு செய்யப்பட்டது அங்கேதான், ஆண்டு 1934. நம் பாட்டன்மார் லயத்து வாசலில் வளர்த்த கோழிகள் காரணம் தெரியாமல் கூட்டங்கூட்டமாக மடிந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

ஆனால் இந்நோய்க்கு எதிரான போராட்டத்திலும் நம் நாட்டுக்குப் பெருமைக்குரிய பங்குண்டு. பழைய தடுப்பு மருந்துகளை எப்பொழுதும் குளிரிலேயே வைத்திருக்கவேண்டும். வெயிலில் கம்பத்திற்கும் தோட்டத்திற்கும் கொண்டு வருவதற்குள் அவை வலுவிழந்துவிடும். இக்குறையைத் தீர்க்க, 1980ஆம் ஆண்டுகளில், செர்டாங்கிலுள்ள அன்றைய மலேசிய விவசாயப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் அய்னி இடெரிஸ், டாக்டர் லத்திஃப் இப்ராஹிம் ஆகியோர், ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகப் பேராசிரியர் பீட்டர் ஸ்பிராட்புரோவுடன் இணைந்து ஆராய்ந்தனர். வி4 என்னும், நோய் உண்டாக்காத கிருமி வகையிலிருந்து வெப்பம் தாங்கும் தடுப்பு மருந்தை உருவாக்கினர். அதனைத் தீவனத்தில் கலந்து கம்பத்துக் கோழிகளுக்குக் கொடுத்துச் சோதித்தனர். ஓடித்திரியும் நாட்டுக்கோழியை ஒவ்வொன்றாகப் பிடிப்பது எளிதன்று என்பதை அறிந்து செய்த முயற்சி அது. இவ்வழியில் வந்த மருந்துகள் பின்னர் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஏழைக் குடும்பங்களின் கோழிகளைக் காக்க உதவின. தீவனத்தில் கொடுப்பதைவிடக் கண்ணில் ஒரு சொட்டு விடுவதே உறுதியான பலன் தருகிறது என்பதும் அந்த அனுபவத்தில் தெளிவாயிற்று.

இனி, நம் வீட்டு வாசலுக்கு வருவோம். தடுப்பு மருந்துக் குப்பி ஒன்று பெரும்பாலும் நூறு கோழிகளுக்கோ அதற்கு மேற்பட்டவற்றுக்கோ போதுமான அளவில் வருகிறது. கரைத்துவிட்டால் சில மணி நேரத்திற்குள் பயன்படுத்திவிடவேண்டும். மீதியை நாளைக்கு என்று எடுத்துவைக்க இயலாது. பத்துக் கோழி வைத்திருப்பவர் தமக்காக மட்டும் ஒரு குப்பி வாங்கினால் பெரும்பகுதி வீணாகும். ஆகவே அவர் வாங்குவதில்லை. அவர் வாங்காததால் அவர் கோழிக்கு வரும் நோய் அடுத்த வீட்டுக்கும் பரவுகிறது. இதற்கு வழி ஒன்றே. பத்து வீட்டார் ஒன்றுகூடி, ஒரு குப்பி வாங்கி, ஒரே நாளில் எல்லாக் கோழிகளுக்கும் போட்டுவிடவேண்டும். நிலம் வாங்கக் கூட்டுறவு கண்ட நமக்கு ஒரு குப்பி மருந்துக்குக் கூட்டுச் சேருவது பெரிய காரியமா?

குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் ஒரு முறையும், மூன்று அல்லது நான்கு வாரத்தில் மறுமுறையும், பின்னர் மூன்று நான்கு மாதங்களுக்கு ஒரு முறையும் போடுவது பொதுவான வழக்கம். மருந்தின் வகைக்கேற்ப இது மாறும். கால்நடைச் சேவை இலாகா அலுவலரைக் கேட்டு நாள் குறித்துக்கொள்ளுங்கள். குடிநீரில் கலந்து கொடுப்பதாயின் குழாய்த் தண்ணீரை அப்படியே பயன்படுத்தாதீர்கள். அதிலுள்ள குளோரின் மருந்தைக் கெடுத்துவிடும். தூய கிணற்று நீரோ மழை நீரோ ஏற்றது. நோயுற்ற கோழிக்கு இம்மருந்து பயன்படாது. இது வருமுன் காப்பதற்கேயன்றி, வந்தபின் தீர்ப்பதற்கன்று.

கோழியை எங்கே வாங்குவது? சந்தையில் பலரது கோழிகள் ஒரே கூடையில் கலந்திருக்கும். அங்கிருந்து வருவது கோழி மட்டுமன்று, நோயும்கூட. உங்களுக்குத் தெரிந்த, தடுப்பு மருந்து போட்டு வளர்ப்பவரிடம், மூன்று மாதம் கடந்த பெட்டைகளை வாங்குவதே முதல் முயற்சிக்கு ஏற்றது. குஞ்சுக்குச் சூடு காட்டும் தொல்லை அதில் இல்லை. புதிதாக வாங்கிய எதனையும் இரண்டு வாரம் தனியே அடைத்துவைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேர்க்கவேண்டும். 2004ஆம் ஆண்டில் கிளந்தான் தும்பாட்டில் பறவைச் சளிக்காய்ச்சல் முதன்முதலாக இந்நாட்டில் கண்டறியப்பட்டது. 2006இல் அது சிலாங்கூர், பேராக், பினாங்கு மாநிலங்களிலும் தலைகாட்டியது. நோயைத் தடுக்கச் சுற்றுவட்டாரக் கோழிகள் அழிக்கப்பட்டன. ஆகவே, கோழிகள் திடீரென்று கூட்டமாக மடிந்தால் அவற்றை விற்கவோ சமைக்கவோ வேண்டா. வெறுங்கையால் தொடாமல் உடனே இலாகாவுக்குத் தெரிவிப்பது நம் பிள்ளைகளைக் காக்கும் செயலாகும்.

அடுத்தது கூடு. பதினொரு கோழிகளுக்கு எட்டடி நீளமும் நான்கடி அகலமும் போதும். தரையிலிருந்து இரண்டு மூன்றடி உயர்த்திக் கட்டுங்கள். நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் நோக்கியிருந்தால் காலை மாலை வெயில் நேராக உள்ளே விழாது. அத்தாப்புக் கூரை தகரத்தைவிடக் குளிர்ச்சி. கம்பி வலையின் கண் அரை அங்குலத்திற்கு மேற்படவேண்டா. இல்லையேல் எலியும் பாம்பும் விருந்தாளிகளாகிவிடும். நான்கைந்து பெட்டைக்கு ஒரு முட்டைப் பெட்டி வையுங்கள். கீழே மரத்தூளோ உமியோ பரப்பி, ஈரமான பகுதியை அவ்வப்போது அகற்றிவிடுங்கள். இரத்தக்கழிச்சல் நோய் ஈரத்தில்தான் பெருகுகிறது. அகற்றிய எருவை மட்கவைத்தால் கீரைப் பாத்திக்கும் வாழைக்கும் நல்ல உரம்.

தோட்டத்தில் இருப்பவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. களைக்கொல்லி இருந்த பீப்பாயிலோ, பாலை உறையவைக்கும் அமிலம் இருந்த கலனிலோ ஒருபோதும் கோழிக்குத் தண்ணீர் வைக்காதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் அது ஏற்றதன்று. களைக்கொல்லி தெளித்த இடத்திலும் கோழிகளை மேயவிடக் கூடாது.

தீவனமே செலவில் பெரும்பங்கு. வளர்ந்த கோழி ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கிராம் உண்ணும். பதினொரு கோழிக்கு நாளுக்கு 1.1 கிலோ, மாதத்திற்கு 33 கிலோ. மேயவிட்டால் இது குறையும். நொய், தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு, கீரைக்கழிவு ஆகியவையும் கைகொடுக்கும். ஆனால் அரிசியை மட்டுமே தின்னும் கோழி முட்டையிடாது. அதற்குப் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் வேண்டும். முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுக்குப் போடாதீர்கள்; அதிலுள்ள மிகுதியான சுண்ணாம்பு குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூஞ்சணம் பிடித்த தீவனம் நஞ்சு. மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள்.

தீவன விலை நம் கையில் இல்லை என்பதையும் உணரவேண்டும். மக்காச்சோளமும் சோயாவும் வெளிநாடுகளிலிருந்து வருகின்றன. 2022ஆம் ஆண்டில் அவற்றின் விலை ஏறியபோது பெரும் பண்ணைகளே தடுமாறின. நாட்டில் கோழிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, மாதந்தோறும் 36 இலட்சம் வரை ஏற்றுமதியாகிவந்த கோழிகளை அவ்வாண்டு ஜூன் 1ஆம் நாள் முதல் அரசாங்கம் நிறுத்திவைத்தது. பெரியவர்களுக்கே அந்த நிலையென்றால், சேமநிதி முழுவதையும் கூண்டுக்குள் போட்டுவிட்டவரின் கதி என்னவாகும்? பத்துக் கோழிக்காரர் மூட்டை விலை ஏறினால் இரண்டு சேவலை விற்றுச் சமாளித்துவிடுவார்.

வெட்டுக்குச் செல்பவரின் நேரத்திற்குக் கோழி வளர்ப்பு நன்கு ஒத்துவருகிறது. விடியுமுன் புறப்படும்போதே தண்ணீரும் தீவனமும் வைத்துவிடலாம். பெட்டைகள் பெரும்பாலும் முற்பகலில் முட்டையிடுவதால் அதுவரை அடைத்திருப்பதே நல்லது; முட்டைகள் புதரில் போகாமல் பெட்டியிலேயே கிடைக்கும். வேலை முடிந்து வந்தபின் திறந்துவிட்டு, கருக்கலில் எண்ணி அடைத்துவிடுங்கள். எண்ணுவதை மறவாதீர்கள்.

ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் வாங்கி, அதில் நான்கு கணக்கு எழுதுங்கள்: வாங்கிய தீவனம், எடுத்த முட்டை, விற்ற கோழி, இறந்த கோழி. வீட்டில் உண்ட முட்டையையும் கடை விலைக்குக் கணக்கிட்டு எழுதவேண்டும். இதைப் படிக்கும் பிள்ளையிடமே ஒப்படைக்கலாம். ஒரு மூட்டைத் தீவனத்தின் விலைக்கு எத்தனை முட்டை ஈடாகும் என்று மாதம் ஒருமுறை பார்த்தால், இலாபமா நட்டமா என்பதை எவரும் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

நாட்டுப்பெட்டை பத்துப் பன்னிரண்டு முட்டைகளை அடைகாத்து 21 நாளில் பொரிக்கும். ஆகவே உங்கள் பட்டி தானாகவே பெருகும். ஓராண்டு முடிவில் நோட்டைத் திறந்து பாருங்கள். இறந்தவை ஒன்றிரண்டுக்குள் அடங்கி, தீவனச் செலவு போக மிச்சமும் இருந்தால், அந்த மிச்சத்தைக் கொண்டு பட்டியை இருபதாக்குங்கள். அதன் பின்னர் ஐம்பதாக்குங்கள். விற்பனைக்காகப் பெரிய அளவில் வளர்க்க எண்ணினால் உள்ளூராட்சி மன்றத்தையும் இலாகாவையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது கட்டாயம். சிம்பாங் அம்பாட்டைச் சுற்றிலும் வீடமைப்புப் பகுதிகள் பெருகிவிட்ட இந்நாளில், அண்டை வீட்டாருக்கு ஈயும் நாற்றமும் தராமல் வளர்ப்பதே நீடித்து வளர்க்கும் வழி.

இன்று வீடு திரும்பியதும் உங்கள் வரிசையில் கோழி வைத்திருப்பவர்கள் யார் யார் என்று எண்ணிப் பாருங்கள். பத்து வீடு தேறினால் ஒரு குப்பிக்கு ஆள் சேர்ந்துவிட்டது. ஒருவர் பணம் திரட்டட்டும். ஒருவர் இலாகாவுக்குச் சென்று நாள் கேட்டு வரட்டும். மற்றவர்கள் அந்த மாலையில் கோழிகளை அடைத்து வைத்திருக்கட்டும்.