தேசவழமை யாரைக் கேட்டு எழுதப்பட்டது?

(சட்டம், சமூகம், பண்பாடு, வரலாறு ஆகிய துறைகளில் உயர்பட்ட ஆராய்ச்சி செய்யும் மாணவர் முன்னிலையில் நிகழ்த்தப்பட்ட உரை)



சட்டம் கற்பவர் வரலாற்றை நாடுவதில்லை. வரலாறு கற்பவர் சட்டநூலைத் தொடுவதில்லை. சமூகவியல் கற்பவரோ இவ்விரண்டும் பிறர் பொறுப்பென விட்டுவிடுகின்றார். இக்குறை நம்மிடையே நெடுநாளாக உண்டு. இதனால் விளைந்த நட்டம் யாது என்பதை, நாம் எல்லோரும் அறிந்ததாகக் கருதும் ஒரு பொருளைக் கொண்டே கூற விரும்புகின்றேன். அப்பொருள் தேசவழமை.

முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்னும் மூன்று சொற்களும் யாழ்ப்பாணத்தில் ஏட்டுச் சொற்களல்ல. நாள்தோறும் வாயில் வழங்குபவை. கலியாணப் பேச்சுத் தொடங்குவதும் அவற்றோடுதான். உடன்பிறந்தார் பேச்சு முறிவதும் பல வேளைகளில் அவற்றாலேதான். ஆனால் இந்த வழமை எவ்வாறு எழுத்துருப் பெற்றது, எவர் சொல்ல எவர் எழுதினார் என்று கேட்டால், நம்மிற் பெரும்பாலோர் விடை கூறமாட்டோம்.

ஒல்லாந்தர் ஆட்சியில் தேசாதிபதி சைமன்ஸ் இட்ட கட்டளைப்படி, யாழ்ப்பாணத்துத் திசாவையாக விளங்கிய கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் 1707ஆம் ஆண்டு இத்தொகுப்பை நிறைவேற்றினார். யாழ்ப்பாணத்தில் பல்லாண்டு வாழ்ந்து பெற்ற பட்டறிவே அவருக்குத் துணை நின்றது. ஒல்லாந்த மொழியில் எழுதப்பெற்ற அதனை யான் பீரூஸ் என்பவர் தமிழாக்கினார். அத்தமிழ்ப்படி பன்னிரண்டு முதலிமாரிடம் கொடுக்கப்பட்டது. இது நாட்டு வழக்கத்தோடு ஒத்ததே என்று அவர்கள் சான்று பகர்ந்தனர். நூறாண்டு கழிய, 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தின் மூலம் ஆங்கிலேய அரசு அதற்குச் சட்ட வலிமை அளித்தது.

நண்பர்களே, அந்தப் பன்னிரண்டு பேரையும் சற்று எண்ணிப் பாருங்கள். அவர்கள் அறிவிற் குறைந்தவர்கள் என்று நான் கூறவரவில்லை. ஆயினும் அவர்கள் அனைவரும் ஆடவர். பதவியும் செல்வாக்கும் உடையவர். சீதனத்தைப் பற்றி விரிவாகப் பேசும் அந்நூலுக்குச் சீதனம் பெற்ற பெண்ணொருத்தியேனும் சாட்சி கூறவில்லை. அடிமைகளைப் பற்றி அதிலே தனிப்பகுதி உண்டு. கோவியர், நளவர், பள்ளர் எனப் பெயர் குறித்து, அவர்தம் கடமைகளும் ஆண்டைமாரின் உரிமைகளும் அங்கே வகுத்துரைக்கப்படுகின்றன. அவர்களுள் ஒருவரையேனும் அழைத்து, ‘உங்கள் வழக்கம் யாது?’ என்று கேட்டதாக அந்நூலில் ஒரு சொல்லும் இல்லை. 1844ஆம் ஆண்டிலே அடிமைமுறை இலங்கையில் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அந்தப் பகுதி செல்லாக் காசாயிற்று. அதைச் செல்லுபடியாக்கிய மனப்பான்மை அன்றே ஒழிந்ததா என்பதற்குக் கோயில் வாயில்களும் கிணற்றடிகளும் தேநீர்க்கடைகளும் நீண்டகாலம் விடை கூறி நின்றன.

‘வழமை மாறாதது, முன்னோர் வகுத்தது, அதை ஆராய்வதற்கு என்ன இருக்கிறது?’ என்று கேட்போரும் உளர். அவர்கள் அந்நூலையே படித்தவர்களல்லர். முற்காலத்தில் தந்தைவழிச் சொத்து ஆண்மக்களுக்கும், தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் சென்றதென்றும், போர்த்துக்கேயர் காலத்திலே இம்முறை படிப்படியாக மாறுதலடைந்ததென்றும் அந்நூலே கூறுகின்றது. மாறிக்கொண்டிருந்த ஒன்றை, ஓர் ஆண்டில், ஓர் அதிகாரியின் எழுதுகோல் பிடித்து நிறுத்தியது. ஓடும் ஆற்றில் ஒரு குடம் முகந்து வைத்து, இதுவே ஆறு என்று நாம் முந்நூறு ஆண்டுகளாகச் சொல்லிவருகின்றோம்.

பின்னரும் மாற்றம் நின்றதில்லை. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகளும் வழியுரிமையும் பற்றிய கட்டளைச் சட்டமும், 1947ஆம் ஆண்டில் அதற்கு வந்த திருத்தமும் தேடியதேட்டத்தின் பொருளையே மாற்றியமைத்தன. காணியை விற்குமுன் பங்காளிகளுக்கும் உரித்தாளிகளுக்கும் அறிவிக்க வேண்டும் என்னும் பழைய முறைக்கும் அதே 1947இல் தனிச்சட்டம் பிறந்தது. ஆகவே, நீதிமன்றங்களில் இன்று தேசவழமை என வழங்குவது முதலிமார் ஒப்பிய வழக்கமும், ஆங்கிலேயர் காலச் சட்டமும், நீதியரசர்களின் தீர்ப்புகளும் கலந்த ஒன்றாகும். எது எதிலிருந்து வந்தது என்று பிரித்துக் காட்ட வேண்டிய கடமை யாருடையது? உங்களுடையது.

இதற்கு ஓர் எதிர்ச்சான்றும் கூறுவேன். மட்டக்களப்பிலே முக்குவர் சட்டம் என்று ஒன்று இருந்தது. தாய்வழியே குடியும் சொத்தும் செல்லும் முறை அது. பிறிற்றோ என்பார் அதைப் பற்றி 1876ஆம் ஆண்டு நூல் எழுதினார். நீதிமன்றத்திலே அச்சட்டம் வழக்கொழிந்தது. ஆனால் மகளுக்கு வீடு கொடுத்து மணம் முடித்து வைக்கும் வழக்கம் கிழக்கு மாகாணத் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் தொடர்ந்து வாழ்ந்தது. அமெரிக்கரான டெனிஸ் மக்கில்வ்றே என்னும் மானிடவியலாளர் அக்கரைப்பற்றிலே பல காலம் தங்கி ஆராய்ந்து, 2008ஆம் ஆண்டு வெளியிட்ட பெருநூலில் இதனை விளக்கியுள்ளார். சட்டம் இறந்தபின்னும் வழக்கம் வாழ்கின்றது. சட்டநூலை மாத்திரம் படித்தவன் முக்குவர் சட்டம் செத்துவிட்டது என்று எழுதிக் கோவையை மூடுவான். ஊருக்குப் போனவன்தான் உண்மையைக் கண்டான்.

நம் அறிஞர்கள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நன்றி மறந்த பேச்சாகும். எச். டபிள்யூ. தம்பையா அவர்கள் யாழ்ப்பாணத் தமிழரின் சட்டங்களையும் வழக்கங்களையும் பற்றி எழுதிய நூல் நீதிமன்றங்களில் எடுத்தாளப்படுவது. பேராசிரியர் நடராசா அவர்கள் இலங்கையின் சட்ட முறையை அதன் வரலாற்றுப் பின்னணியில் வைத்து ஆராய்ந்த நூல் 1972இல் வெளிவந்தது. சி. அரசரத்தினம் அவர்கள் ஒல்லாந்தர் ஆவணங்களைத் துருவி ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சி 1958இல் நூலாயிற்று. யாழ்ப்பாண அரசைப் பற்றிய பேராசிரியர் பத்மநாதன் அவர்களின் நூல் 1978இல் வந்தது. இவை யாவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. உலக அறிஞர் அவையில் நம் பெயரை நிலைநாட்ட அது வேண்டியதே. ஆயினும் எவருடைய முதுசத்தையும் சீதனத்தையும் பற்றி அந்நூல்கள் பேசுகின்றனவோ, அவர்களுட் பெரும்பாலோர் அவற்றைப் படிக்க இயலவில்லை. ஆராய்ச்சி, பிறந்த மண்ணுக்கு அதன் மொழியிலே திரும்பி வரவேண்டும்.

இனி, இவ்வாராய்ச்சியால் உயிருள்ள மனிதருக்கு ஆவது என்ன என்பதற்கு வருகின்றேன்.

மேற்கூறிய 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, மணமான பெண் தனக்கே உரிய காணியையும் கணவனின் எழுத்து மூலச் சம்மதமின்றி விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது என விதித்தது. கணவன் தன் முதுசத்தை விற்க மனைவியின் சம்மதம் கேட்கவேண்டியதில்லை. போர் வந்தது. ஆயிரக்கணக்கான ஆடவர் காணாமற் போயினர். கணவன் இறந்தான் என்று சொல்லவும் முடியாமல், இருக்கின்றான் என்று காட்டவும் முடியாமல், பெற்றோர் சீதனமாகத் தந்த நாலு பரப்புக் காணியை வைத்துக்கொண்டு பிள்ளையின் படிப்புக்கு வழி காண முடியாது தவித்த தாய்மாரை எண்ணிப் பாருங்கள். கணவன் இருக்குமிடம் தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்து அனுமதி பெறலாம் என்று அதே சட்டம் வழி சொல்கின்றது. மெய்தான். அந்த வழியை அறிந்தவர் எத்தனை பேர்? அதற்குரிய செலவைத் தாங்க வல்லவர் எத்தனை பேர்? காணாமற் போனவர் குடும்பத்துக்குச் சான்றிதழ் வழங்கும் சட்டம் 2016ஆம் ஆண்டு வந்தது. அச்சான்றிதழ் காணி விடயத்தில் எவ்வளவு கைகொடுத்தது? இவற்றிற்கு ஊகத்தால் விடை கூற முடியாது. நீதிமன்றக் கோவைகளையும் நொத்தாரிசுமாரின் பதிவுகளையும் பார்த்து, அந்தத் தாய்மாரின் வாய்மொழியையும் கேட்டு எழுதவேண்டும். 1707இல் கேட்கப்படாதவளை இன்றாவது கேட்கவேண்டும்.

‘நம் இனத்தின் தனித்துவத்துக்குச் சான்றாக நிற்கும் வழமையை நாமே குறை கூறலாமா? எதிரிக்குப் படைக்கலம் கொடுப்பதாகாதா?’ என்று நம் அரசியல் நண்பர்கள் சிலர் அஞ்சுகின்றனர். அவர்களின் அச்சத்தை நான் எள்ளி நகையாடமாட்டேன். 2021ஆம் ஆண்டு ஒக்டோபரிலே ‘ஒரே நாடு, ஒரே சட்டம்’ என்ற பெயரால் ஜனாதிபதிச் செயலணி ஒன்று நியமிக்கப்பட்டபோது, முதலில் அதில் தமிழர் ஒருவர்தானும் இடம்பெறவில்லை. கண்டனம் எழுந்த பின்னரே சிலர் சேர்க்கப்பட்டனர். நம் வழமையின் தலைவிதியை நம்மைக் கேளாமலே எழுத முற்படுவோர் உளர் என்பது வெளிப்படை.

ஆனால் அத்தகையோருக்கு நாம் எதைக் கொண்டு விடை கூறப் போகின்றோம்? ‘இது எங்கள் பழமை’ என்ற ஒரு சொல் போதுமா? தன் குறையைத் தானே ஆராய்ந்து, தன் பெண்களையும் தாழ்த்தப்பட்ட மக்களையும் கேட்டு, தன் சட்டத்தைத் தானே திருத்தும் ஆற்றலுள்ள மக்கள் கூட்டந்தான் ‘எங்கள் சட்டத்தை நாங்களே வகுப்போம்’ என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம். சுயாட்சி கேட்பவன் தன்னைத் தான் ஆளக் கற்றிருக்க வேண்டும். வழமையை மறைத்து வைத்துக் காப்பவன் பிறர் கைவைக்கும் நாள்வரையில்தான் காப்பான்.

ஆதாரங்கள் அழிந்துவிட்டனவே என்பீர்கள். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்த கொடுமையை நாம் மறப்பதற்கில்லை. 1995இல் ஒரே இரவில் ஊரை விட்டுப் புறப்பட்ட மக்கள், உறுதிப் பெட்டியைச் சுமந்தவர் பாதி, விட்டுவந்தவர் பாதி. ஆனால் ஒல்லாந்தரின் ஆவணங்கள் கொழும்பிலே தேசிய சுவடிகள் காப்பகத்தில் இருக்கின்றன. நெதர்லாந்தின் ஹேக் நகரிலும் இருக்கின்றன. அவற்றைப் படிக்கப் பழைய ஒல்லாந்த மொழி தெரிந்த தமிழ் மாணவர் நம்மிடையே எத்தனை பேர்? பத்துப் பேர் முன்வந்து அம்மொழியைக் கற்பாராயின், அடுத்த தலைமுறையின் வரலாற்று அறிவே வேறாகும். எஞ்சிய உறுதிகளும் கோயிற் கணக்குகளும் வீடுகளிலே கறையானுக்கு இரையாகிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் படம்பிடித்துப் பேணுவது இன்று பெருஞ்செலவன்று. முதியோர் நினைவிலுள்ளவை மாத்திரம் பிந்தினால் கிடையா. அவர்கள் நமக்காகக் காத்திருக்கமாட்டார்கள்.

ஆகவே, ஆராய்ச்சி மாணவர்களே, உங்களிடம் நான் வேண்டுவது இதுதான். பட்டத்துக்காக ஆயிரம் பக்கம் எழுதுங்கள்; அது உங்கள் உரிமை. அவற்றுள் ஒரு நூறு பக்கமேனும் நல்ல தமிழில், கிராமத்து ஆசிரியரும் நொத்தாரிசும் குடும்பத் தலைவியும் படித்து விளங்கத்தக்கதாக எழுதுங்கள். நீங்கள் கேட்டு எழுதியதை, சொன்னவரிடமே மீண்டும் கொண்டுபோய்ப் படித்துக் காட்டுங்கள். அன்று பன்னிரண்டு முதலிமார் ஒப்பமிட்டனர். உங்கள் நூலுக்குப் பனங்காணிக்குள் குடிசை கட்டி வாழ்பவனும், கணவனைத் தேடியலைபவளும் ‘ஆம், எங்கள் கதை இதுதான்’ என்று ஒப்பமிடட்டும்.