வங்கிக் கணக்கை இரவல் கொடாதீர்!
கற்பிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை



கடத்தற் படகு இருளில் வந்தாலும் சரக்கைக் கரையில் இறக்கியே தீரவேண்டும். இணையத்தில் ‘டார்க் வெப்’ எனும் இருள்வலையில் நடைபெறும் குற்ற வாணிபமும் அத்தகையதே. 2011இல் தோன்றிய ‘சில்க் ரோட்’ சந்தையில் போதைப்பொருள் பிட்கொயினுக்கு விற்கப்பட்டது. 2013இல் அமெரிக்கப் புலனாய்வுத்துறை அதனை மூடியது. பிட்கொயினில் பெயர் மறையும். கைமாற்றம் ஒவ்வொன்றும் பொதுப் பேரேட்டில் அழியாது நிற்கும்.

அப்பணம் ரூபாவாக மாறுவதற்குரிய கரை, வங்கிக் கணக்கு. ஆகவேதான் தரகு தருவதாகக் கூறி, இளைஞரின் கணக்கை இரவல் கேட்கின்றனர். குற்றவாளி கடல் கடந்திருப்பான். கணக்குக்குரியவன் கூண்டில் நிற்பான். பணம் தூயதாக்கலைத் தடுக்கும் 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், அறிந்து செய்தவனோடு, அறியக் காரணமிருந்தும் செய்தவனையும் தண்டிக்கும்.

உழைத்து வாழும் மக்களே! வள்ளத்தையும் மண்வெட்டியையும் அயலவருக்குக் கொடுத்துதவுங்கள். வங்கிக் கணக்கை எவருக்கும் கொடாதீர்கள்!