படிப்புக்கு வாங்கின கடன்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் ஏதோ பெரிய படிப்பு படித்துவிட்டேன் என்று சொல்லி என்னை மேடை ஏற்றிவிட்டார்கள். அது வக்கீல் படிப்பும் இல்லை, நர்ஸ் படிப்பும் இல்லை. வட்டாரப் பண்பாட்டு ஆய்வு என்று ஒரு வருடச் சான்றிதழ்ப் படிப்பு. டிகிரி முடித்தவர்கள் சேரலாம். நான் கல்யாணத்துக்கு அப்புறம் அஞ்சல் வழியில் பி.ஏ. தமிழ் முடித்திருந்தேன். மூணு வருசப் படிப்பை ஆறு வருசம் இழுத்து முடித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கட்டணத்துக்கும் பஸ் செலவுக்கும் சேர்த்து 9,000 ரூபாய் உள்கடன் கேட்டு மாதக் கூட்டத்தில் எழுந்து நின்றேன். எங்க குழு நோட்டில் கடன் நோக்கம் என்று ஒரு கட்டம் இருக்கும். கறவை மாடு, கடை, மருத்துவம், பிள்ளைகள் படிப்பு என்று எழுதுவோம். 42 வயசுக்காரிக்கு என்னவென்று எழுதுவது? ஒரு அக்கா கேட்டாங்க, “படிச்சா வேலை வருமா?” “தெரியலக்கா” என்றேன். “அப்ப என்னாத்துக்கு?” எனக்கும் பதில் வரவில்லை. இரண்டு கூட்டம் இப்படியே தள்ளிப்போனது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அது எல்லாரும் வாரா வாரம் புளி தட்டி, கொட்டை எடுத்து, கூலியில் மிச்சம் பிடித்துப் போட்ட சேமிப்பு.

மூன்றாவது கூட்டத்தில் எங்க குழுவிலேயே மூத்த பெரியம்மா வாயைத் திறந்தாங்க. “போன வருசம் நான் வாங்கின மாடு செத்துப்போச்சு. அப்ப யாரும் என்னை என்னாத்துக்குன்னு கேக்கல. இவளுக்குக் குடுங்க.” தீர்மானம் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு, பணம் கைக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் வகுப்பு. பண்பாடு என்றால் பரதநாட்டியம், பெரிய கோயில், ராஜா காலத்துக் கதை என்றுதான் நினைத்துப் போனேன். முதல் நாள் ஆசிரியர் கேட்டது, “உங்க வீட்டில் தானியம் புடைக்கிறதை என்னன்னு சொல்வீங்க?” இதென்ன கேள்வி, முறம் என்றோம். திருநெல்வேலியில் இருந்து இந்தப் பக்கம் கட்டிக்கொண்டு வந்த ஒரு அம்மா, “எங்க ஊர்ல சுளகு” என்றாங்க. அன்றைக்குப் பாடமே அதுதான். ஒரே பொருளுக்கு ஊருக்கு ஊர் ஏன் வேறு பெயர், எந்தப் பெயர் எதுவரைக்கும் போகிறது, அதை யார் எழுதிவைப்பது. கோவில்பட்டிப் பக்கம் இடைசெவலைச் சேர்ந்த கி. ராஜநாராயணன் அப்படித்தான் கரிசல் காட்டுச் சொற்களைச் சேர்த்து ஒரு அகராதியே போட்டார். பள்ளிக்கூடப் படிப்பைக்கூட முடிக்காத விவசாயி அவர். பின்னாளில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியராக உட்கார்ந்தார். அதைக் கேட்ட பிறகுதான் வகுப்பில் எனக்கு முதுகு நிமிர்ந்தது.

அப்புறம் தருமபுரி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே நடுகற்கள் இருக்கின்றன. ஆநிரை மீட்கும் சண்டையில் செத்த வீரனுக்கு நட்ட கல். பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம்ம பக்கத்தில் மரத்தடியில் வேடியப்பன் என்று பொங்கல் வைத்துக் கும்பிடுகிறோமே, அதில் பல இப்படிப்பட்ட கல்தான். நான் எத்தனையோ தரம் தேங்காய் உடைத்திருக்கிறேன், கல்லில் ஓர் ஆள் வில்லோடு நிற்கிறான் என்று ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை.

செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலம், ஏறக்குறைய 1,400 வருசம் ஆகிறது. எருமைகளைக் காக்கப் போராடிச் செத்தவனோடு அவன் நாயையும் அதில் செதுக்கியிருக்கிறார்கள். அந்த நாய் கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்று எழுதி, கோவிவன் என்று நாயின் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள். பெண்ணுக்குக் கல்லே இல்லை என்று சொல்ல மாட்டேன். புருசனோடு தீயில் இறங்கியவளுக்குச் சதிக்கல் உண்டு, வளையல் போட்ட ஒரு கை தூக்கியிருக்கும். வீட்டுக்கு வந்தும் அந்தக் கை கண்ணிலேயே நின்றது. அன்று ராத்திரி களி கிண்டும்போது அடி பிடித்துவிட்டது.

கடைசியில் ஒரு கள ஆய்வு செய்து கட்டுரை கொடுக்க வேண்டும். நான் ஒப்பாரியை எடுத்துக்கொண்டேன். எனக்குக் கடன் வாங்கிக் கொடுத்த அதே பெரியம்மாதான் எங்க ஊரில் பெரிய பாட்டுக்காரி. கேட்டதும் மறுத்துவிட்டாங்க. சாவு விழாத வீட்டுக்குள் ஒப்பாரி பாடினால் ஆகாதாம். ஊரைத் தாண்டி, வரப்போரத்துப் புளியமரத்தடிக்குப் போனோம், அதுவும் வெள்ளிக்கிழமை ஆகாது என்று சனிக்கிழமை. முதல் தரம் போனில் பதிவானது முழுக்கக் காற்றுச் சத்தம். மறுபடி போனபோது போனைத் துண்டில் சுற்றி வைத்தேன். நாற்பது நிமிசம் பாடினாங்க. நடுவில் நிறுத்தி வெற்றிலை போட்டாங்க. அழுதது நான்தான், அவங்க அழவில்லை.

அது தன் அப்பா செத்தபோது பாடின பாட்டு. நிலத்தை அண்ணன்கள் பிரித்துக்கொண்டதும், தனக்கு ஒரு புடவையோடு முடிந்ததும் அதில் வருகிறது. தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று 1989-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். நம்ம தருமபுரியில் முதல் குழுக்கள் தொடங்கினதும் அதே வருசம்தான். ஆனால் அந்த வருசம் மார்ச் 25-க்கு முன்னே கல்யாணமானவர்களுக்குப் பங்கு இல்லை. 2005-ல் மத்திய சட்டம் மாறி, கல்யாணமான மகளுக்கும் பங்கு வந்தது. ஆனால் முன்னமே முறைப்படி பத்திரம் போட்டுப் பிரித்த பாகத்தை அது தொடாது. பெரியம்மா வீட்டுப் பாகம் எப்போதோ பதிவாகிவிட்டது. இதையெல்லாம் நான் விளக்கினபோது அவங்க சொன்னாங்க: “சட்டம் கெடக்குது. எழவு வூட்ல பாடறவளை எவனும் நிறுத்தக் கூடாது. அந்த ஒருநாள்தான் எங்க அண்ணனுங்க எந்திரிச்சுப் போகாம என் பேச்சைக் கேட்டாங்க.”

கட்டுரையைத் திருத்தினவர் பாடினவரின் பெயரை அடித்துவிட்டு, தகவலாளர் எண் 1 என்று போடச் சொன்னார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “நாய்க்குப் பேரு கல்லுல இருக்குது, எங்க பெரியம்மாவுக்கு நம்பரா சார்?” என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. “அந்த அம்மாவைக் கேட்டீங்களா?” என்றார்.

கேட்கவில்லை. பெயர் போடணும் என்று சண்டைக்குப் போன நான் பெயருக்குச் சொந்தக்காரியைக் கேட்கவே இல்லை. குழுவில் ஆயிரம் ரூபாய் எடுக்கவே பதினைந்து பேர் கையெழுத்து வாங்குகிறவள் நான்.

ஓடிப்போய்க் கேட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் புளி உடைத்துக்கொண்டிருந்தாங்க. அப்புறம் சொன்னாங்க: “எம் பேரு போடு. எங்கப்பன் பேரும் போடு. அண்ணனுங்க பேரு வர்ற இடத்துல கோடு இழுத்துடு. ஆனா நம்ம ஊர்ல அச்சடிக்கற பொஸ்தகத்துல என் பேரு வேணாம். நாளைக்கு நான் செத்தா பொறந்த வூட்டுக் கோடி அவனுங்க மக்கதான் கொண்டாரணும்.”

அதனால்தான் இங்கே நான் அவங்க பெயரைச் சொல்லவில்லை. இந்த உரையை மலரில் போடப்போவதாகச் சொன்னார்கள், அதிலும் வராது. நான் கொடுத்த கட்டுரையில் முதல் பக்கத்தில் அவங்க பெயர் முழுசாக, அப்பா பெயரோடு இருக்கிறது. ஒரு நகல் அவங்க வீட்டு டிரங்குப் பெட்டியில், ரேஷன் கார்டோடு இருக்கிறது. படிக்கத் தெரியாது. எந்த வரியில் பெயர் இருக்கிறது என்று மட்டும் விரலை வைத்துக் காட்டச் சொல்லித் தெரிந்துகொண்டாங்க.

சான்றிதழ் வந்துவிட்டது. வேலை வரவில்லை. கடன் 15 தவணையில், மாதம் 600-ம் வட்டியுமாக அடைந்துவிட்டது, ஒரு தவணை மட்டும் பத்து நாள் தாமதம், பொருளாளருக்குத் தெரியும். எங்க குழு நோட்டில் இப்போது கடன் நோக்கத்தில் ‘உறுப்பினர் சொந்தப் படிப்பு’ என்று எழுதலாம் என்று தீர்மானம் போட்டிருக்கிறோம். இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள், ஒருத்தர் தையல் டிப்ளமோ, ஒருத்தர் விட்டுப்போன டிகிரி. என்னாத்துக்கு என்று கேட்ட அக்காதான் அந்த இரண்டாவது ஆள். சிரிக்காதீங்க, அவங்க இங்கதான் உட்கார்ந்திருக்காங்க.

தொலைநிலையில் சேர நினைக்கிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் அந்தப் படிப்புக்கு யூஜிசி அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். விண்ணப்பம் நிரப்பத் தெரியாதவர்கள் சாப்பாட்டுக்கு அப்புறம் எங்க புளி ஸ்டாலுக்கு வாங்க. மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ் நகல், இரண்டு போட்டோ கையில் இருக்கட்டும். நான் நாலு மணி பஸ் வரைக்கும் அங்கேதான் இருப்பேன்.